கதைகளின் இலக்கணம் கண்ட விளாதிமிர் பிராப்

முன்னுரை

மொழிக்கு இலக்கணம் உண்டு என்பதை நாம் அறிவோம். பேசுகின்றவர் அறிந்தோ அறியாமலோ அவ்விலக்கணம் அவர் பேச்சில் இயங்கிக்கொண்டிருக்கிறது. கதைக்கும் அத்தகைய இலக்கணம் உண்டா? பாட்டி சொல்லும் கதை அவள் நினைத்தபடி எல்லாம் செல்லக்கூடியதா, அன்றி அவளையும் அறியாமல் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டுச் செல்கிறதா? இவ்வினாவை எழுப்பித் தம் வாழ்நாளில் பத்தாண்டுகளை அதற்கே செலவிட்டு விடை கண்டவர் உருசிய நாட்டுப் பேராசிரியர் விளாதிமிர் யாகோவ்லெவிச் பிராப்.

இன்று குறியியல், அமைப்பியல், எடுத்துரைப்பியல் என்னும் துறைகளைப் பயிலும் மாணவர் எவரும் அவர் பெயரைக் கடந்து செல்ல இயலாது. நாட்டார் வழக்காற்றியல் பாடத்தில் முப்பத்தொரு செயற்கூறுகள் என்று மனப்பாடம் செய்யும் மாணவர்கள் பலர், அவற்றைக் கண்டவரின் வாழ்வை அறியார். அவ்வாழ்வு ஓர் எளிய ஆசிரியரின் வாழ்வு. எழுதியது புறக்கணிக்கப்பட்டும், பின்னர் பழிக்கப்பட்டும், முப்பதாண்டுகள் கழித்துப் போற்றப்பட்டும் நடந்த வாழ்வு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், தேவதைக் கதைகளைத் திரைப்படமாக்குவோர் வெளியிடும் முன்னோட்டக் காட்சிகளைப் படிக்க அவர் கண்ட நெறி எங்ஙனம் துணைபுரிகிறது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

பிராப் 1895ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் செயின்ட் பீட்டர்சுபர்க் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வோல்கா ஆற்றங்கரையில் குடியேறி வாழ்ந்த செருமானியர் மரபைச் சேர்ந்தது. எனவே செருமானிய மொழியும் உருசிய மொழியும் அவருக்கு இரு கண்களாக அமைந்தன. 1913இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இவ்விரு மொழிகளின் இலக்கியங்களையும் பயின்று 1918இல் பட்டம் பெற்றார். அவர் கல்வி தொடங்கியபோது உருசியாவில் பேரரசர் ஆட்சி நடந்தது. கல்வி முடிந்தபோது பேரரசும் இல்லை, பழைய உருசியாவும் இல்லை. உலகப் போர், புரட்சி, பஞ்சம் ஆகிய மூன்றையும் அவர் மாணவப் பருவத்திலேயே கண்டார்.

பட்டம் பெற்றபின் பள்ளிகளில் உருசிய மொழியும் செருமானிய மொழியும் கற்பித்தார். பிறகு உயர்கல்வி நிறுவனங்களில் செருமானிய மொழி ஆசிரியரானார். பகலெல்லாம் அயல்மொழி இலக்கணம் கற்பித்தல். எஞ்சிய பொழுதில் கதையாராய்ச்சி. நாட்டார் வழக்காற்றியல் அவருக்கு அப்போது ஊதியம் தந்த துறையன்று. ஆராய்ச்சி நல்கையோ வழிகாட்டும் நெறியாளரோ அவருக்கு இல்லை. தனியே அமர்ந்து தனக்குத் தோன்றிய வினாவைத் தானே துருவிய ஆசிரியர் அவர் என்பது நம் ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வினா பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் அபனாசியேவ் என்பவர் உருசிய நாட்டார் கதைகளைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டிருந்தார். 1855 தொடங்கி 1863 வரை வெளிவந்த அத்தொகுப்பில் ஏறத்தாழ அறுநூறு கதைகள் உள்ளன. பட்டம் பெற்ற இளைஞரான பிராப் அத்தொகுப்பைப் படிக்கத் தொடங்கினார். அதில் மாற்றாந்தாயால் துன்புறும் பெண்ணின் கதைகள் அடுத்தடுத்து வந்தன. ஒரு கதையில் அப்பெண் காட்டுக்கு அனுப்பப்பட்டுப் பனியின் தலைவனைச் சந்திக்கிறாள். இன்னொன்றில் காட்டுப் பூதத்தைச் சந்திக்கிறாள். வேறொன்றில் கரடியைச் சந்திக்கிறாள். ஒவ்வொன்றிலும் அவள் பணிவும் பொறுமையும் சோதிக்கப்படுகின்றன. அவள் பரிசு பெற்று மீள்கிறாள். பொறாமையுற்ற மாற்றாந்தாய் தன் சொந்த மகளை அனுப்ப, அவள் தண்டனை பெறுகிறாள்.

அக்காலத்துக் கதை ஆராய்ச்சியாளர்கள், பனித்தலைவனும் பூதமும் கரடியும் வெவ்வேறு பாத்திரங்கள் ஆதலின் இவை வெவ்வேறு கதைகள் என்று வகைப்படுத்தினர். பிராப் அங்கேதான் நின்றார். பாத்திரங்கள் வேறு, ஆனால் அவை செய்யும் செயல் ஒன்றே. சோதிப்பதும் பரிசளிப்பதும் யாராயினும் கதையின் போக்கு மாறவில்லை. எனில் கதையை வகைப்படுத்த வேண்டியது பாத்திரத்தைக் கொண்டா, செயலைக் கொண்டா? இந்த ஒரு வினாவே அவர் நூலின் வித்தாயிற்று.

அபனாசியேவ் தொகுப்பில் விந்தைக் கதைகள் வரிசையாக அமைந்த பகுதியிலிருந்து நூறு கதைகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் செயல் செயலாகப் பிரித்தார். செடி நூலார் ஒரு செடியை வேர், தண்டு, இலை, பூ எனப் பகுத்து, அவை ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் முறையை ஆராய்வது போன்ற பணி இது. அதனால்தான் தம் நூலுக்கு உருவியல் என்னும் சொல்லைத் தலைப்பில் வைத்தார். தாவரங்களின் உருவமைப்பை ஆராய்ந்த செருமானியக் கவிஞர் கதே அவருக்கு ஆதர்சமாக விளங்கினார்.

1928ஆம் ஆண்டின் நூல்

பத்தாண்டு உழைப்பின் பயனாக 1928இல் லெனின்கிராடு நகரில் அவருடைய நாட்டார் கதையின் உருவியல் என்னும் நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. விந்தைக் கதையின் உருவியல் என்பதே அவர் இட்ட தலைப்பு. விந்தை என்னும் சொல் பதிப்பின்போது நீக்கப்பட்டது. இச்சிறு மாற்றம் பெரிய குழப்பத்துக்கு வழிவகுத்தது. உலகில் உள்ள எல்லாக் கதைகளுக்கும் அவர் சூத்திரம் வகுத்ததாகப் பலர் எண்ணினர். அவரோ ஒரே ஒரு கதை வகைக்கு மட்டுமே பேசியிருந்தார்.

நூலின் சாரம் இதுவாகும். விந்தைக் கதையில் பாத்திரங்களின் பெயரும் தோற்றமும் மாறுகின்றன. அவற்றின் செயற்கூறுகள் மாறுவதில்லை. அச்செயற்கூறுகள் மொத்தம் 31. ஒரு கதையில் எல்லாம் வரவேண்டும் என்பதில்லை. வருகின்றவை மட்டும் ஒரே வரிசையில் வருகின்றன. குடும்பத்தில் ஒருவர் வெளியே செல்கிறார், கதைத் தலைவனுக்கு ஒரு தடை விதிக்கப்படுகிறது, தடை மீறப்படுகிறது, தீயவன் உளவறிந்து ஏமாற்றிக் கேடு செய்கிறான், அல்லது குடும்பத்தில் ஏதோ ஒரு குறை தோன்றுகிறது, தலைவன் புறப்படுகிறான், வழியில் ஒருவர் அவனைச் சோதித்து மாயப் பொருள் தருகிறார், அவன் வேற்றுலகம் சென்று போரிட்டு வெல்கிறான், குறை நீங்குகிறது, திரும்பும் வழியில் துரத்தப்படுகிறான், போலித் தலைவன் ஒருவன் உரிமை கோருகிறான், கடினமான பணி தரப்படுகிறது, உண்மை வெளிப்படுகிறது, தீயவன் தண்டிக்கப்படுகிறான், தலைவன் மணமுடித்து அரியணை ஏறுகிறான்.

இச்செயல்களைப் புரிவோரை ஏழு வட்டங்களுக்குள் அடக்கினார் பிராப். தீயவன், வழங்குநன், துணைவன், தேடப்படும் இளவரசியும் அவள் தந்தையும், அனுப்புநன், தலைவன், போலித் தலைவன் என்பன அவை. ஒரே பாத்திரம் இரண்டு மூன்று வட்டங்களில் இயங்கலாம். ஒரே வட்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம்.

நமக்கு நன்கு தெரிந்த அலாவுதீன் கதையைக் கொண்டு இதனை விளக்கலாம். சிரியா நாட்டு அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் 1709இல் பாரிசில் சொல்ல, பிரெஞ்சு அறிஞர் கலான் தம் ஆயிரத்தோர் இரவுகள் மொழிபெயர்ப்பில் சேர்த்த கதை அது. சிற்றப்பன் என்று பொய்யுரைத்து வரும் மந்திரவாதி அலாவுதீனை நிலவறைக்குள் அனுப்புகிறான்; அங்கு அவன் அனுப்புநன். போகும்போது மோதிரத்தைக் கொடுக்கிறான். அங்கு அவன், தான் நினையாமலே, வழங்குநன். பின்னர் விளக்கைக் கவர்ந்து மாளிகையையே பெயர்த்துச் செல்கிறான். அங்கு அவன் தீயவன். ஆள் ஒருவன், வட்டம் மூன்று. பாத்திரத்தை மட்டும் பார்ப்பவனுக்கு அவன் ஒரு கெட்டவன். செயலைப் பார்ப்பவனுக்கு, அவன் இல்லையேல் கதையே நகராது என்பது புலப்படும்.

செயலின் பொருளை அதன் இடமே தீர்மானிக்கிறது என்பது பிராப் கூறிய மற்றொரு நுட்பம். தலைவன் தந்தையிடம் பணம் பெற்று அறிவுள்ள பூனையை வாங்குவதும், வீரச்செயலுக்குப் பரிசாகப் பணம் பெற்றுக் கதை முடிவதும் புறத்தோற்றத்தில் ஒன்றே. இரண்டிலும் பணம் கைமாறுகிறது. முன்னது மாயத்துணை பெறும் வழி. பின்னது கதையின் நிறைவு. எனவே அவை இரண்டும் வெவ்வேறு செயற்கூறுகள். ஒரு குறியின் பொருள் அக்குறிக்குள் இல்லை, அது நிற்கும் அமைப்பில் இருக்கிறது என்பது குறியியலின் அடிப்படை. சுவிட்சர்லாந்து மொழியறிஞர் சசூர் மொழியைப் பற்றிக் கற்பித்தவை அவர் மறைவுக்குப்பின் 1916இல் நூலாயின. அவர் மொழியில் கண்ட உண்மைக்கு மிக அணுக்கமான ஒன்றைப் பிராப் கதையில் கண்டார்.

புறக்கணிப்பும் பழியும்

நூல் வெளிவந்தபோது சிலர் பாராட்டினர். ஆனால் காலம் அவருக்கு எதிராக இருந்தது. இலக்கியத்தின் வடிவத்தை ஆராய்வோர் சமுதாய நோக்கற்றவர் என்னும் குற்றச்சாட்டு அப்போது சோவியத் நாட்டில் வலுத்துவந்தது. உருவவாதி என்னும் சொல் ஒரு வசைச்சொல்லாகவே ஆயிற்று. பிராப் அக்குழுவின் உறுப்பினர் அல்லர் எனினும் அவர் நூலும் அதே நிழலில் வீழ்ந்தது. வெளிநாட்டாரும் அதனை அறியவில்லை.

1932இல் அவர் லெனின்கிராடு பல்கலைக்கழகத்தில் மொழி ஆசிரியராகச் சேர்ந்தார். 1938க்குப் பின்னரே நாட்டார் வழக்காற்றியல் அவருடைய முழுநேரத் துறையாயிற்று. முதல் நூலில் கதையின் வடிவத்தைக் கண்டவர், அவ்வடிவம் எங்கிருந்து வந்தது என்னும் அடுத்த வினாவுக்குச் சென்றார். அவ்வாய்வு 1939இல் முனைவர் பட்ட ஆய்வேடாக நிறைவுற்றது. அது நூலாவதற்குள் போர் வந்தது.

1941 செப்டம்பர் தொடங்கி 1944 சனவரி வரை நீடித்த லெனின்கிராடு முற்றுகையில் பல இலட்சம் மக்கள் பசியாலும் குளிராலும் மாண்டனர். 1942இல் பல்கலைக்கழகம் சராத்தோவ் நகருக்கு இடம்பெயர்ந்தது. பிராப்பும் உடன் சென்றார். சராத்தோவ் வோல்கா கரையில் உள்ள ஊர். அவ்வாற்றங்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த செருமானிய மக்களை 1941இலேயே சோவியத் அரசு சைபீரியாவுக்கும் கசகசுதானுக்கும் நாடுகடத்தியிருந்தது. தம் முன்னோர் வாழ்ந்த பகுதிக்குப் பிராப் வந்து சேர்ந்தபோது, தம் இனத்தார் அங்கே இல்லை. வீட்டை விட்டுப் பிரிதலைக் கதைகளின் முதற் செயற்கூறாகக் கண்டவருக்கு அது வாழ்விலும் நேர்ந்தது.

போர் முடிந்தபின் 1946இல் விந்தைக் கதையின் வரலாற்று வேர்கள் என்னும் அவருடைய இரண்டாம் பெருநூல் வெளிவந்தது. பழங்குடி மக்களின் பருவச் சடங்குகளும், இறப்பையும் மறுவுலகையும் பற்றிய நம்பிக்கைகளும் மறைந்த பின்னர், அவற்றின் சாயல்கள் கதைகளில் எஞ்சி நிற்கின்றன என்பது அந்நூலின் துணிபு. உருசியக் கதைகளில் காட்டின் ஓரத்தில் கோழிக்கால்களின் மேல் நிற்கும் கிழவியின் குடிசை வருகிறது. அக்குடிசை வாழ்வோர் உலகுக்கும் இறந்தோர் உலகுக்கும் இடையிலான வாயில் என்றும், சடங்குக்காகச் சிறுவர்கள் காட்டுக்குள் அழைத்துச் செல்லப்பட்ட வழக்கத்தின் நினைவு என்றும் அவர் விளக்கினார். கண்ணாடிப் பேழையில் துயிலும் அழகியும், காட்டு வீட்டில் சகோதரர் பலருக்கு நடுவே வாழும் பெண்ணும் அவ்வாறே பழைய வழக்கங்களின் எச்சங்கள் என்றார்.

இந்நூலே அவருக்குப் பெருந்துன்பம் தந்தது. 1940களின் இறுதியில் அயல்நாட்டுச் சிந்தனைக்கு அடிபணிவோர் என்று அறிஞர்களைத் தூற்றும் இயக்கம் சோவியத் நாட்டில் நடந்தது. அயல்நாட்டு மானிடவியலாரின் நூல்களை ஏராளமாக எடுத்தாண்டமை பிராப்பின் குற்றமாகக் கூறப்பட்டது. ஒரு நூலின் அடிக்குறிப்புகளே அதன் ஆசிரியருக்கு எதிரான சாட்சிகளாயின. 1948இல் கூட்டங்களில் அவர் கண்டிக்கப்பட்டார். மறு ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியர் அசதோவ்சுகி, ஐகன்பாம், சிர்முன்சுகி ஆகியோர் பதவி இழந்தனர். குகோவ்சுகி என்னும் பேராசிரியர் கைதாகி 1950இல் சிறையில் இறந்தார். பிராப் பணியில் நீடித்தார். எனினும் உடன் பணிபுரிந்தோர் ஒவ்வொருவராக அகற்றப்படும் அவையில் ஓர் ஆசிரியர் நாள்தோறும் வகுப்புக்குச் சென்றுவருவது எத்தகைய பொறுமையை வேண்டியிருக்கும் என்பதை நாம் உணரலாம்.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1955இல் உருசிய வீரகாவியம் பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1957இல் அபனாசியேவின் கதைத் தொகுப்பை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். இளமையில் தமக்கு வினாவைத் தந்த நூலுக்கு முதுமையில் அவர் செய்த கைம்மாறு அது. 1963இல் உருசிய உழவர் திருவிழாக்கள் பற்றிய நூலை வெளியிட்டார்.

முப்பதாண்டு கழித்து வந்த புகழ்

1958இல் அமெரிக்காவில் உருவியல் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நூல் பிறந்து முப்பதாண்டுகள் ஆகியிருந்தன. ஆசிரியருக்கு அறுபத்து மூன்று வயது. அதன்பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. பிரெஞ்சு மானிடவியல் அறிஞர் இலெவி ஸ்திராசு 1960இல் அந்நூலைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 1964இல் ஆலன் தண்டிசு வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதைகளுக்கு அந்நெறியை விரித்தார். 1966இல் கிரெய்மாசு ஏழு வட்டங்களையும் சுருக்கி, இரண்டிரண்டாக அமையும் ஆறு செயலாளர்களாக்கினார். கிளாத் பிரெமோன், ரோலான் பார்த் ஆகியோர் கதைக் குறியியலை வளர்த்தபோது பிராப்பின் நூல் அவர்களுக்கு அடித்தளமாயிற்று.

இலெவி ஸ்திராசு பாராட்டியதோடு, பிராப் வடிவத்தை மட்டும் கண்டு பொருளைக் கைவிட்ட உருவவாதி என்றும் குறை கூறியிருந்தார். தம் நாட்டில் எந்தச் சொல்லால் தாக்கப்பட்டாரோ அதே சொல் பாரிசிலிருந்தும் வந்தது. 1966இல் வெளிவந்த இத்தாலிய மொழிபெயர்ப்பில் அக்கட்டுரையும் பிராப்பின் மறுமொழியும் சேர்ந்து வெளியாயின. தாம் மெய்ம்மைகளிலிருந்து தொடங்கி நெறிக்கு வந்தவர் என்றும், வடிவத்தைக் கண்டபின் அதன் வரலாற்றைத் தேடி அடுத்த நூலையே எழுதியதை விமரிசகர் கருதவில்லை என்றும் அவர் விடை பகர்ந்தார். அம்மறுமொழியில் உள்ள மனவேதனையைக் கண்டு இலெவி ஸ்திராசு, தாம் எழுதியது மதிப்பின் வெளிப்பாடே என்று பின்குறிப்புச் சேர்த்தார். இரு அறிஞர்களின் இவ்வுரையாடல் கருத்து மாறுபாட்டைக் கையாளும் பண்புக்குச் சான்றாக நிற்கிறது.

1969இல் உருவியல் நூலின் இரண்டாம் உருசியப் பதிப்பு வெளிவந்தது. தம் முதல் நூல் தாய்நாட்டில் மறுபிறவி எடுத்ததைக் கண்ட மறு ஆண்டில், 1970 ஆகத்து 22ஆம் நாள் பிராப் லெனின்கிராடு நகரில் காலமானார். நகைச்சுவையும் சிரிப்பும் பற்றி அவர் எழுதிய நூல் 1976இலும், உருசியக் கதைகள் பற்றிய விரிவுரைகள் 1984இலும் வெளிவந்தன.

முன்னோட்டக் காட்சியும் பிராப்பின் நெறியும்

பிராப் திரைப்பட ஆய்வாளர் அல்லர். ஆயினும் தேவதைக் கதைகள் இன்று பெரும்பாலும் திரை வழியாகவே இளைஞரைச் சென்றடைகின்றன. திரைப்படத்துக்கு முன்னே அதன் முன்னோட்டக் காட்சி வந்துவிடுகிறது. இரண்டு நிமிட அளவில் ஒரு கதையைச் சொல்லாமலே சொல்லும் கலை அது. அதன் குறிகளைப் படிக்க இவருடைய நெறி தக்க கருவியாகிறது.

அழகியும் மிருகமும் என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். 1740இல் வில்னெவ் அம்மையார் விரிவாக எழுதிய இக்கதையை 1756இல் பொமோன் அம்மையார் சுருக்கி எழுதினார். டிசுனி நிறுவனம் 1991இல் வரைபடச் சித்திரமாகவும் 2017இல் நடிகர்களைக் கொண்டும் இதனைத் திரைப்படமாக்கியது. இரண்டாம் படத்தின் முதல் முன்னோட்டம் 2016 மே மாதம் வெளியாயிற்று. அதில் கதை நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. பெரிய கோட்டை, ஆளரவமற்ற உட்பகுதி, நகத்தால் கீறப்பட்ட ஓர் உருவப்படம், இருளில் யாரோ பேசும் குரல்கள், இறுதியில் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சிவந்த ரோசா மலரும் அதனை நோக்கும் பெண்ணின் முகமும். மிருகத்தின் முகம் காட்டப்படுவதில்லை.

இக்குறிகளைச் செயற்கூறுகளோடு பொருத்திப் பார்ப்போம். ஆளற்ற கோட்டை தலைவி வந்துசேர்ந்த வேற்றுலகம். கீறப்பட்ட படம், முன்னரே நிகழ்ந்துவிட்ட கேட்டின் தடயம். கேடு செய்தவரையோ செய்த விதத்தையோ காட்டாமல் கேட்டை மட்டும் அது காட்டுகிறது. குரல்கள் துணைவர்களுக்குரியவை. மலர், நீக்கப்பட வேண்டிய குறையின் குறி. ஆக, கேடு, குறை, வருகை, துணை ஆகிய நான்கும் முன்னோட்டத்தில் உள்ளன. குறை நீங்குதல், உரு மாறுதல், மணம் ஆகியவை இல்லை. முன்னோட்டத்தின் உத்தியே இதுதான். வரிசையின் முற்பகுதியைத் தொட்டுக் காட்டிப் பிற்பகுதியை மறைக்கிறது. வரிசை நம் மனத்தில் முன்னரே பதிந்திருப்பதால், மறைத்ததை நாமே நிரப்பிக்கொண்டு அதைக் காணும் ஆவலோடு அரங்கிற்குச் செல்கிறோம். கதைக்கு மாறாத ஒழுங்கு உண்டு என்று 1928இல் ஓர் ஆசிரியர் கண்டது இன்று வணிகத்துக்கும் பயன்படுகிறது.

மலரைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். பொமோன் எழுதிய கதையில், வணிகரான தந்தை தம் மகள் விரும்பியதற்காக மிருகத்தின் தோட்டத்தில் ரோசா மலரைப் பறிக்கிறார். அதுவே மிருகத்தின் சினத்துக்குக் காரணமாகிறது. அங்கே மலர் எல்லைமீறலின் குறி. டிசுனி படத்திலோ, இதழ் இதழாக உதிர்ந்து சாபம் நீங்கும் கெடுவை உணர்த்தும் காலக்கருவியாக அது மாறிவிட்டது. பொருள் அதே மலர்தான். நின்ற இடம் மாறியதும் செயற்கூறு மாறியது. அதனோடு உணர்ச்சியும் மாறியது. முன்னதில் தந்தையின் பாசம் இழைத்த பிழையை எண்ணி இரங்குகிறோம். பின்னதில் காலம் கடந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம். ரோசா என்றால் காதல் என்று அகராதியைப் போல் பொருள் எழுதிவிடும் மாணவர் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவார்.

ஓர் எச்சரிக்கை

பிராப்பின் நெறி எளிதாகத் தோன்றுவதால் எளிதில் தவறாகவும் பயன்படுகிறது. எந்தக் கதை கிடைத்தாலும் முப்பத்தொரு கட்டங்கள் கொண்ட பட்டியலை வரைந்து, உண்டு, இல்லை என்று நிரப்பிவிட்டு ஆய்வு முடிந்ததாகக் கருதும் போக்கு ஆய்வேடுகளில் காணப்படுகிறது. பிராப் பட்டியலோடு நின்றவர் அல்லர். அப்பட்டியல் ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்டு அடுத்த நூலை எழுதியவர். வடிவம் கண்டபின் வரலாறு காணாதவரை ஆய்வு பாதி வழியிலேயே நிற்கிறது.

மேலும் அவர் தம் எல்லையை அறிந்தவர். விந்தைக் கதைக்கு வகுத்த நெறியைப் பிறவகைக் கதைகள் மீது சுமத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். நமக்கும் இது பொருந்தும். தமிழ் இசுலாமிய இலக்கியத்தில் கிஸ்ஸா, மசலா, படைப்போர், நாமா எனப் பல வகைகள் உண்டு. விறகு வெட்டியார் கிஸ்ஸா போன்ற கதைப் பாடல்களின் அமைப்பை ஆராயப் பிராப்பின் நெறி ஓரளவு துணைபுரியலாம். மசலா வினாவிடையாக அமைவது. அதற்கு வேறு நெறி வேண்டும். இறைமறை எடுத்துரைக்கும் நபிமார் வரலாறுகளை விந்தைக் கதைகளோடு ஒரே தட்டில் வைத்துக் கட்டம் கட்டுவது நம்பிக்கைக்கு மட்டுமன்று, பிராப் வகுத்த ஆய்வொழுக்கத்துக்கும் மாறானது. எதற்கு எந்த அளவுகோல் என்று அறிவதே ஆய்வாளனின் முதற்கடமை.

முடிவுரை

பிராப்பின் வாழ்வில் பெரும்பகுதி வகுப்பறையிலும் நூலகத்திலும் கழிந்தது. அவர் கண்டது ஒரு நூறு கதைகளில் ஓர் ஒழுங்கு. அதனை உலகம் ஏற்க முப்பதாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அவர் தம் கருத்தை விற்கவுமில்லை, தம் மாணவரைக் கைவிடவுமில்லை. அயல்நாட்டு நூலைப் படித்ததே குற்றம் என்று கூறப்பட்ட காலத்திலும் அறிவு எங்கிருப்பினும் தேடிச் செல்ல வேண்டும் என்னும் நிலையில் நின்றார். கல்வியைத் தேடுவதைக் கடமையாகக் கருதும் நம் சமுதாயத்துக்கு இவ்வாழ்வு அயலானதன்று.

நம் கல்லூரி மாணவர் பலருடைய இல்லங்களில் கதை சொல்லும் நன்னிமார்களும் உம்மும்மாக்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகளைத் தொகுத்து வைக்க அபனாசியேவைப் போன்ற ஒருவர் முதலில் வேண்டும். தொகுப்பு இருந்தால்தான் பிராப் போன்ற ஒருவர் பின்னர் தோன்ற இயலும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் பத்துக் கதைகளை, சொன்னவர் சொன்ன மொழியிலேயே, எதையும் திருத்தாமல் எழுதி வருவாராயின், நம் தமிழ்த்துறை நூறு கதைகளை எட்டுவதற்கு நெடுநாள் ஆகாது. கதை சொல்லும் முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி தொடங்குதல் நன்று.